அலுவலக ஆங்கிலமும் அயல்நாட்டுச் சகாக்களும்: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்கு மண்டலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் மணி அடித்த பிறகு மேசையருகே வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வேலைக்குப் போன பழைய மாணவர்கள் தொலைபேசியில் கேட்பவையும் இதில் உண்டு. வேலையில் சேர்ந்துவிட்டவர்கள் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினாலும் குற்றமில்லை.

பிசினஸ் இங்கிலீஷ் என்று தனியாக ஓர் இங்கிலீஷ் இருக்கிறதா, சார்?

இல்லை, அதே ஆங்கிலம்தான். படிப்பவர்தான் வேறு. பள்ளியில் உங்கள் விடைத்தாளைப் படித்தவருக்கு அதை முழுக்கப் படிக்கும் கடமை இருந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அந்தக் கடமை கிடையாது. மெயிலைத் திறந்தவர், தான் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் இரண்டு வரிக்குள் தெரியாவிட்டால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

தாமதத்தைத் தெரிவிப்பது, விலை பேசுவது, புகாருக்குப் பதில் எழுதுவது, கூட்டத்தில் முடிவானதைக் குறித்து அனுப்புவது, தொலைபேசியில் எண்ணைச் சரிபார்ப்பது: இந்த ஐந்தையும் செய்யத் தெரிந்தால் பிசினஸ் இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கம் நிரப்பும் கட்டுரைப் பழக்கத்தை விடுவதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். கான்வென்ட் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்கெல்லாம் வருமா?

வரும். அவர்களுக்குச் சரளம் இருக்கிறது. அது பெரிய வசதிதான், இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் சரளமாகப் பேசும் பலர் எழுத உட்கார்ந்தால் ஒரே வாக்கியத்தில் நான்கு செய்திகளைத் திணிக்கிறார்கள். தமிழ்வழி மாணவர்களிடம் சொற்கள் குறைவு என்பதால் வாக்கியம் தானாகவே சிறிதாக வருகிறது. அலுவலகத்துக்கு வேண்டியது அந்தச் சிறிய வாக்கியம்தான்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். மெக்கானிக்கல் மாணவர் லேத் எப்படி இயங்குகிறது என்பதை ஆறு வாக்கியங்களில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பார்க்கட்டும். இணையத்தில் கிடைக்கும் 'செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனை' மனப்பாடம் செய்ய வேண்டாம். நேர்முகத் தேர்வில் குறுக்கே ஒரு கேள்வி விழுந்தால் போதும், மீதி முழுவதும் மறந்துபோகும்.

பல்கலைக்கழகப் பாடத்தில் இருக்கும் ஆங்கிலம் போதாதா?

பாடத்திட்டம் மோசமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு பருவங்களிலும் ப்ரொஃபஷனல் இங்கிலீஷ் வந்தது, ஆய்வக வகுப்பும் சேர்ந்தே இருந்தது. மெயில், அறிக்கை, வேலை விண்ணப்பம் எல்லாம் பாடத்தில் உண்டு. சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. முதலாம் ஆண்டோடு ஆங்கிலத் தாள்கள் முடிந்துவிடும், வளாகத் தேர்வு நான்காம் ஆண்டில் வரும். நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளில் கற்றது துருப்பிடித்துவிடுகிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளை வருகைப்பதிவுக்காக மட்டும் முடிக்காமல் உண்மையாகவே பயன்படுத்தினால் இந்த இடைவெளியில் கொஞ்சம் அடையும். மீதியை நீங்கள்தான் அடைக்க வேண்டும். ஆய்வக அறிக்கை, திட்ட அறிக்கை, துறைத்தலைவருக்கு எழுதும் விடுப்பு மெயில் ஆகிய மூன்றையும் நண்பனைப் பார்த்து எழுதாமல் நீங்களே எழுதினால் அதுவே பயிற்சி.

பி.இ.சி. (பிசினஸ் இங்கிலீஷ் சர்டிஃபிகேட்) எழுதினால் வேலை கிடைக்குமா? எந்த நிலை எழுதுவது?

அந்தச் சான்றிதழ் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. கேம்பிரிட்ஜ் நடத்தும் இந்தத் தேர்வில் மூன்று நிலைகள்: ப்ரிலிமினரி, வான்டேஜ், ஹையர். ஐரோப்பிய மொழித்தர அளவில் இவை முறையே பி1, பி2, சி1. இப்போது அந்தத் தரமும் தேர்வின் பெயரோடு சேர்ந்தே வருகிறது. நம் மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பொருத்தமானது வான்டேஜ். நேர்முகத் தேர்வில் இன்னும் முழு வாக்கியம் வராதவர்கள் ப்ரிலிமினரியிலிருந்து தொடங்குவது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல.

தேர்வு முறைதான் எனக்குப் பிடித்தது. வான்டேஜ் எழுத்துத் தாள் 45 நிமிடம். முதல் வினாவில் அலுவலகத்துக்குள் அனுப்பும் குறிப்பை 40 முதல் 50 சொற்களில் முடிக்க வேண்டும். அடுத்து 120 முதல் 140 சொற்களில் ஒரு கடிதமோ அறிக்கையோ முன்மொழிவோ. சொன்ன அளவுக்குள் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொல்வதைத்தான் சோதிக்கிறார்கள். பேச்சுத் தேர்வில் இரண்டு தேர்வர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுவார்கள், எதிரில் இரண்டு தேர்வாளர்கள் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பேசவிடாமல் அமுக்குவதால் உங்கள் மதிப்பெண் உயராது. கல்லூரிக் குழு விவாதங்களில் கத்திப் பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வெளிநாட்டில் மேற்படிப்பு உங்கள் எண்ணம் என்றால், பல்கலைக்கழகம் எந்தத் தேர்வைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் என்பதுதான் நடைமுறை. பி.இ.சி. சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது.

அமெரிக்க உச்சரிப்பு பழக வேண்டுமா?

வேண்டாம். போலி உச்சரிப்பு பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆனால் தமிழ் நாவுக்கு உரிய சில இடறல்களைத் திருத்தத்தான் வேண்டும். தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான், ஆங்கிலத்தில் பி, எஃப் உட்பட அந்த இடத்தில் வருபவை பல. 'காபி' என்று நீங்கள் சொன்னால் பருகுவதா, நகலெடுப்பதா என்று கேட்பவர் ஊகிக்க நேரலாம். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரம் நுழைவது, ஸகரமும் ஷகரமும் இடம் மாறுவது ஆகியவையும் அப்படியே.

எல்லாவற்றையும்விட வேகத்தைக் குறையுங்கள். நாம் ஆங்கிலத்தைத் தமிழ் வேகத்தில் பேசுகிறோம், எந்தச் சொல்லுக்கும் தனி அழுத்தம் தருவதில்லை. தொலைபேசியில் பெயரையோ பாகத்தின் எண்ணையோ சொல்லும்போது ஆல்பா, பிராவோ, சார்லி என்ற வரிசையைப் பயன்படுத்துங்கள். விமானிகள் பயன்படுத்தும் வரிசைதான். ஒரே மாலையில் மனப்பாடமாகும்.

மெயிலை 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கினால் என்ன தவறு?

நம் கல்லூரி முதல்வருக்கு எழுதும்போது ஒரு தவறும் இல்லை. லண்டனுக்கோ பெர்லினுக்கோ எழுதும்போது அது விநோதமாகத் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் விநோதத்தோடு நிற்காது. முதல் மெயிலில் 'டியர்' போட்டு முழுப்பெயரை எழுதுங்கள். ஆணா பெண்ணா என்று ஊகிக்கும் வேலை மிச்சம். பதிலில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். முதல் பெயரை மட்டும் போட்டிருந்தால் அந்தப் பெயரால் அழைக்க அனுமதி தந்துவிட்டார் என்று பொருள். ஜெர்மானியர் ஒருவர் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டிருந்தால், அவராக விலக்கும் வரை நீங்கள் விலக்காதீர்கள்.

'டூ த நீட்ஃபுல்' எழுதக் கூடாது என்கிறார்கள். அது தவறான ஆங்கிலமா?

தவறில்லை, பழையது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து அலுவலக வழக்கு இங்கே தங்கிவிட்டது. அதைப் பார்த்து நகைப்பவர்களோடு நான் சேர மாட்டேன். என் குறை வேறு: ஆவன செய்யுமாறு கேட்டுவிட்டு, ஆக வேண்டியது என்ன என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறீர்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் விலைப்பட்டியலை அனுப்புங்கள்' என்று எழுதிவிட்டால் அந்தத் தொடருக்கே வேலையில்லை.

'பாஸ்டு அவுட்' மட்டும் கவனம். 2024இல் கல்லூரி முடித்தேன் என்று நீங்கள் சொல்ல, மயங்கி விழுந்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

என் பெயரில் குடும்பப் பெயரே இல்லை, இன்ஷியல்தான் இருக்கிறது. படிவத்தில் என்ன எழுதுவது? மெயிலில் 'டியர் எஸ்' என்று பதில் வருகிறது.

தமிழ் மாணவர்களுக்கே உரிய தலைவலி இது. உலகின் பெரும்பாலான கணினிப் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரு கட்டங்களை நம்பி வடிவமைக்கப்பட்டவை. நாமோ அப்பாவின் பெயரை ஒற்றை எழுத்தாக்கி முன்னால் ஒட்டுகிறோம். எதிர்முனையில் இருப்பவர் முன்னால் வருவதுதான் உங்கள் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார். பின்னால் அப்பாவின் முழுப்பெயரை எழுதினால் இன்னொரு கூத்து: கூட்டத்தில் எல்லாரும் உங்கள் அப்பாவை விளித்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் கடவுச்சீட்டைச் சரிசெய்யுங்கள். இன்ஷியலை விரித்து, இரண்டு கட்டங்களும் நிரம்பும்படி எடுப்பது நல்லது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் பயணத்திலேயே சிக்கல் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது பலர் அலைந்தார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வேலை விண்ணப்பம் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்க வேண்டும். பிறகு மெயிலின் கையெழுத்துப் பகுதியில் 'ப்ளீஸ் கால் மீ' என்று போட்டு அழைக்க வேண்டிய பெயரை எழுதிவிடுங்கள். அதில் அகங்காரம் எதுவும் இல்லை, நன்றிதான் சொல்வார்கள்.

மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறார்கள். வாய் வரவில்லையே?

வராதுதான். வீட்டில் அப்பாவின் பெயரையே வாயால் சொல்லத் தயங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவர் கேட்டுக்கொண்ட பிறகும் 'சார்' என்றே அழைத்தால், அவரைத் தள்ளி நிறுத்துவதாக நினைப்பார். எழுத்தில் தொடங்குங்கள், மெயிலில் பெயரை எழுதுவது எளிது. ஒரு மாதத்தில் வாயும் பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: பெயர் சொல்லி அழைப்பதால் அதிகாரப் படிநிலை மறைந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்க நிறுவனத்திலும் முடிவெடுப்பவர் அவர்தான்.

தேதி, எண் எல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதானே? அதில் என்ன பண்பாடு?

பணம் போகும் இடமே அதுதான். 03/04 என்று எழுதினால் நமக்கும் பிரிட்டனுக்கும் ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. திருப்பூரிலிருந்து சரக்கு ஏற்றும் தேதியை அப்படி எழுதிவிட்டு ஒரு மாதச் சண்டை போட வேண்டுமா? மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். லட்சமும் கோடியும் இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டினால் பலருக்குப் புரியாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். ஜெர்மானியரின் தாளில் 1.500 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை அல்ல. அங்கே புள்ளியும் காற்புள்ளியும் நம்முடையதற்கு நேர்மாறு.

நேரத்தில் இன்னொரு பொறி. நாம் ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை மணி பின்னால். நியூயார்க் பத்தரை, ஒன்பதரை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் மாற்றுவதால், இடைப்பட்ட நாள்களில் முத்தரப்புக் கூட்டம் என்றால் ஒருவர் நிச்சயம் தாமதமாக வருவார். ஐ.எஸ்.டி. என்று மட்டும் போடாமல் 'சென்னை நேரம்' என்று எழுதுங்கள். அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான்.

'யெஸ்' என்று சொன்னேன், வேலையை முடிக்கவில்லை என்று திட்டுகிறார்கள். நான் முடிப்பதாகச் சொல்லவே இல்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். பெரியவர் பேசும்போது நாம் 'சரிங்க' என்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதுதான், செய்கிறேன் என்பதற்கும் அதுதான். முகத்துக்கு நேராக 'முடியாது' சொல்வது மரியாதைக்குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள், 'முயற்சி செய்கிறேன்' என்பார்கள். நம் ஊர் மேலாளருக்கு அதில் உள்ள தயக்கம் கேட்கும். டச்சுக்காரருக்குக் கேட்காது. அவர் திங்கட்கிழமை என்று குறித்துவைத்துக்கொண்டு தன் வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுவார். தலையை இருபக்கமும் அசைக்கும் நம் பழக்கம் காணொலிக் கூட்டத்தில் இன்னும் குழப்பும். ஆமோதிப்பா மறுப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. வாயால் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. கூட்டம் முடியும்போது புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஸோ ஐ வில் செண்ட் த டிராயிங் ஆன் தர்ஸ்டே அண்ட் த காஸ்ட் ஷீட் ஆன் மண்டே. இஸ் தட் ரைட்?' அடுத்து, வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றே எழுதுங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை, புதிய தேதி எது என்று மூன்று வரி போதும். கெடு முடிந்த மறுநாள் வரும் நீண்ட மன்னிப்பு மெயிலைவிட, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் வரும் அந்த மூன்று வரியை மேலாளர்கள் பல மடங்கு மதிக்கிறார்கள்.

எதிர்மறைக் கேள்வியிலும் கவனம். 'கோப்பு இல்லையா?' என்றால் தமிழில் 'ஆமாம், இல்லை' என்போம். ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வர வேண்டும். 'யெஸ்' என்றால் கோப்பு இருக்கிறது என்று ஆகிவிடும். ஜப்பானியர்களும் நம்மைப் போலவே 'ஆமாம்' என்பவர்கள். சென்னைத் தமிழரும் டோக்கியோக்காரரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது உத்தமம்.

மேலாண்மை வகுப்பில் ஹாஃப்ஸ்டெட் அட்டவணை படித்தோம். இந்தியர் இப்படி, ஜெர்மானியர் இப்படி என்று எண்ணே போட்டிருக்கிறதே. அதை நம்பி நடக்கலாமா?

தேர்வில் எழுதலாம், ஆளைப் பார்க்கும் முன் முடிவு கட்டக் கூடாது. நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஏறத்தாழ 1967 முதல் 1973 வரை பல நாடுகளின் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தவை அந்த எண்கள். 1980இல் நூலாக வெளியிட்டார். மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று காட்டும் 'அதிகார இடைவெளி' அளவில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. பயனுள்ள குறிப்புதான். ஆனால் ஒரே நிறுவனத்து ஊழியர்களை வைத்து நாட்டையே அளக்கலாமா என்ற விமர்சனம் பழையது, நியாயமானதும்கூட. நாட்டுச் சராசரியைத் தனி மனிதர் தலையில் ஏற்றக் கூடாது என்பதை ஹாஃப்ஸ்டெட் தரப்பினரே சொல்கிறார்கள். மதுரைக்காரரையும் லூதியானாக்காரரையும் அந்த 77 ஒன்றாகக் கட்டுகிறது என்பதை நினைத்தாலே போதும்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் எழுதிய வேறுபாடு எனக்கு இன்னும் பயன்படுகிறது: சில சூழல்களில் பொருள் சொல்லில் இருக்கும், சிலவற்றில் சொல்லாமல் விட்டதில் இருக்கும். முந்தைய பதிலில் வந்த 'முயற்சி செய்கிறேன்' இரண்டாம் வகை.

ஒரகடம் பக்கம் ஜப்பானிய, கொரிய நிறுவனங்களில் வேலை. ஆங்கிலமே போதுமா?

சேர்வதற்குப் போதும். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கியது. ரெனோ-நிசான் ஆலை 2010இல் ஒரகடத்துக்கு வந்தது, டைம்லர் 2012இல் வந்தது. அங்கே ஆங்கிலம் இருதரப்புக்கும் இரவல் மொழி. மரபுத்தொடர்களும் நகைச்சுவையும் வேலைக்கு உதவாது. சிறிய வாக்கியம், படம், எண் ஆகிய மூன்றும் உதவும். வெண்பலகையில் வரைந்து காட்டத் தெரிந்த பொறியாளர் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடுவார்.

ஜப்பானியர் பேச்சின் நடுவில் 'ஹாய்' (ஜப்பானிய மொழியில் 'ஆமாம்') என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது நம் 'ம்' கொட்டலைப் போன்றது, சம்மதம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். அங்கே 'ஹோரென்ஸோ' என்ற வழக்கம் உண்டு: மேலே அறிக்கை சொல், தகவல் கொடு, கலந்து பேசு. வேலை முடிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கும் நம் பழக்கம் அதோடு நேரடியாக மோதும். கொரியர்கள் 'ப்பல்லி ப்பல்லி' (சீக்கிரம், சீக்கிரம்) என்று விரட்டுவதைத் தனிப்பட்ட கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் தங்களையும் அப்படித்தான் விரட்டிக்கொள்கிறார்கள். பதவி உயர வேண்டும் என்றால் மொழியும் பழகுங்கள். சென்னையில் ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், ஜெர்மனுக்கு கோத்தே நிலையம், கொரியப் பண்பாட்டுக்கு இன்கோ மையம் என்று இடங்கள் இருக்கின்றன.

சாப்பாட்டு இடைவேளையில் என்ன பேசுவது? கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன், முகம் மாறிவிட்டது.

நமக்கு அது நலம் விசாரிப்பு, பலருக்கு அது எல்லை மீறல். சம்பளம், வயது, மதம், உடல் எடை ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரும். கொரியர் மட்டும் உங்கள் வயதை அவரே கேட்கக்கூடும், எந்த மரியாதையில் பேசுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பயணம், சாப்பாடு, வானிலை, விளையாட்டு என்று தொடங்குங்கள். குடும்பப் பேச்சை அவர் தொடங்கினால் நீங்களும் தொடரலாம்.

வாடிக்கையாளரின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். திருத்தலாமா?

கூடாது. அவர் எழுதியதில் ஐயம் இருந்தால், நீங்கள் புரிந்துகொண்டதைச் சரியான ஆங்கிலத்தில் எழுதி 'இதுதானே?' என்று கேளுங்கள். திருத்தமும் நடந்துவிடும், யார் முகமும் வாடாது.

ஏ.ஐ. எல்லா மெயிலையும் எழுதித் தந்துவிடுகிறதே, இனி எதற்கு இதைப் படிப்பது?

மெயிலை எழுதும், உண்மைதான். நானும் தடுப்பதில்லை. ஆனால் மூன்று வரியில் முடிய வேண்டியதை மூன்று பத்தியாக்கித் தருவதும் அதன் பழக்கம். முதல் கேள்விக்கான பதிலை நினைவில் வைத்துக்கொண்டு வெட்டிக் குறைக்க உங்களுக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளரின் விலை விவரங்களை உள்ளே இடுவதற்கு முன் நிறுவன விதியைப் படியுங்கள். பளபளப்பான மெயில் அனுப்பியவர் மறுநாள் தொலைபேசியில் திக்கினால், எழுதியது யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்போதும் நாமே ஏன் மாற வேண்டும்? அவர்கள் நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

கற்க வேண்டும்தான். நல்ல நிறுவனங்கள் இங்கே வருபவர்களுக்கு அதற்கான பயிற்சியும் தருகின்றன. ஆனால் பொருளை விற்பவர் வாங்குபவரின் வழிக்குப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். இந்தியாவில் விற்க வரும் கொரியரும் அதைத்தான் செய்கிறார். எதை விட்டுக்கொடுப்பது என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். தேதி எழுதும் முறையையும் மெயில் தொடக்கத்தையும் மாற்றிக்கொள்வதில் நட்டமில்லை. பெயரைச் சுருக்கி வேற்றுப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கலாம். பொங்கலன்று விடுப்பு வேண்டும் என்றால் நவம்பரிலேயே குழுவின் நாட்காட்டியில் அதைக் குறித்துவிட்டு, அது என்ன பண்டிகை என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். கடைசி வாரத்தில் கெஞ்சினால் கிடைக்காது.